காய்ச்சல்காரனுக்கு ஓர் அறை

அவளிடம் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டு நிம்மதியாக எழுந்து போன ஒருவரையும் நான் பார்த்ததில்லை. நாம் சொல்லி முடித்து, தேநீர்க் கோப்பையைக் கையில் எடுக்கும் நேரம் பார்த்து, தலையைச் சற்றே சாய்த்து, "மறுகா?" என்பாள்.

பிறகு என்ன என்று அர்த்தம். எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் எல்லோர் வாயிலும் வந்துபோகிற சாதாரணச் சொல். கதை கேட்கிற சின்னப் பிள்ளை கேட்கும். வேலிக்கு மேலால் வம்பு கேட்கிறவர்களும் கேட்பார்கள். ஆனால் அவள் கேட்டால் மட்டும், நாம் சொன்னதில் எங்கோ ஓர் ஓட்டை இருக்கிறது என்று நமக்கே தெரிந்துவிடும். குரலில் கேலி இருக்காது. அதுதான் கூடுதல் எரிச்சல். கேலி செய்திருந்தால் கோபப்பட்டிருக்கலாம்.

பாசிக்குடாவில் கடலைப் பார்த்தபடி இருக்கும் ஒரு சிறிய ஹோட்டலில் நாங்கள் இருவரும் வேலை செய்தோம். வருகிறவர்களை வரவேற்பதும் அவர்களுக்கு வேண்டியதைச் செய்துகொடுப்பதும் என் பொறுப்பு. ஓட்டமாவடியிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்துபோவேன். அவள் செட்டிபாளையத்துப் பிள்ளை. அறைப் பதிவுகளைப் பார்க்கவென்று எனக்குக் கீழே சேர்ந்தவள். என்னைவிட நன்றாக இளையவள். மெலிந்த உடம்பு, இறுக்கிக் கட்டிய கொண்டை, வலது கையில் கடிகாரம். 'எனக்குக் கீழே' என்பதை இன்னும் சில தடவை சொன்னாலும் சொல்வேன். அதைச் சொல்லாமல் என்னால் அவளைப் பற்றிப் பேச முடிவதில்லை.

சேர்ந்த புதிதில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி வந்திருந்தார்கள். மனிதருக்கு முழங்கால் சுகமில்லை. விடியவே பொலன்னறுவைக்குப் போகவேண்டும் என்றார்கள். "ஓட்டமாவடிச் சந்தியில் பஸ் ஏறலாம், கண்டக்டர் என் ஊர்க்காரர், முன் சீட்டைப் பிடித்து வைப்பார்" என்று நான் சொன்னேன். அவர்களுக்கு நல்ல சந்தோஷம். அவர்கள் போனதும் பக்கத்து மேசையிலிருந்து அவள் கேட்டாள். எங்கள் முஸ்லிம் ஆட்களில் அண்ணனை நானா என்போம், என்னை அவளும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"மறுகா நானா, பஸ்ஸால இறங்கினா? அந்த மனுசனுக்குப் படி ஏறி இறங்க ஏலாதே. அங்க ஆர் இரிக்கா?"

பொலன்னறுவையில் எனக்கு யாரைத் தெரியும்? அவள்தான் அங்கே யாரையோ பிடித்து, யார் மூலமாகவோ இன்னொருவரைப் பிடித்து, ஆட்டோவோடு ஒருவரைப் பஸ் நிலையத்தில் நிற்க வைத்தாள். அவரிடம் ஒரு மடக்குக் கதிரையும் கொண்டுவரச் சொல்லியிருந்தாள். பொழுதுபடத் திரும்பி வந்த அந்த அம்மா அவளைக் கட்டிப்பிடித்து நன்றி சொன்னார். என்னிடம் அறைச் சாவியைக் கேட்டார்.

அன்று தொடங்கியது எனக்கு.

அவள் ஏன் இப்படி என்று காரணம் தேடுகிறவர்கள் சுனாமியைச் சொல்வார்கள். அதில் அவளுக்குத் தாயும் ஒரு தம்பியும் இல்லாமல் போனது உண்மை. எனக்கு அந்தக் காரணம் போதவில்லை. இந்தக் கரையில் சுனாமிக்குக் கொடுத்தவர்கள் எத்தனையோ பேர் எதையும் கேட்காமல் வாழ்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள். அவள் பிறக்கும்போதே அந்தக் கேள்வியோடு பிறந்திருப்பாள். பிரசவம் பார்த்த மருத்துவிச்சியிடமும் கேட்டிருப்பாள்.

என் மனைவிக்கு அவளைப் பிடிக்கும். அது வேறு. ஒரு நோன்புப் பெருநாளுக்கு வீட்டுக்கு வந்தவள், எங்கள் குசினிக்குள் போய் என் மனைவியோடு அரைநாள் கதைத்துக்கொண்டிருந்தாள். போன பிறகு மனைவி, "நல்ல புத்தியுள்ள புள்ள. நம்மட மகள் ஏஎல் சோதனை முடிச்சா மறுகா என்ன எண்டு கேட்டா. நாம அத யோசிக்கவே இல்லியே" என்றாள். நான் யோசித்திருந்தேன். என்னிடம் யாரும் கேட்கவில்லை.

கொரோனா வந்தபோது விமானங்கள் நின்றன. ஹோட்டலை மூடினார்கள். ஊரடங்கில் சாமான்களைப் பார்த்துக்கொள்ளவென்று நாலு பேர் உள்ளே தங்கினோம். நான், அவள், சித்தாண்டியைச் சேர்ந்த சமையல்காரர், துணி துவைக்கும் பகுதியில் வேலை செய்த அவருடைய மனைவி. அவள் அந்த அக்காவோடு ஓர் அறையில் இருந்தாள். விருந்தினர் இல்லாத ஹோட்டல் இறந்தவர்களை அடக்கும் மையவாடியைவிட அமைதியானது. கடல் மட்டும் யாருமில்லை என்று தெரியாமல் வந்து வந்து போய்க்கொண்டிருந்தது.

முதலாளி கொழும்பிலிருந்து தொலைபேசியில் வந்தார். வெளிநாட்டுக்காரர் வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தால் ஹோட்டலை விற்கவேண்டியதுதான், உள்ளூர்ச் சனம் வருகிற மாதிரி ஏதாவது யோசியுங்கள் என்றார். என்னிடம் யோசனை தயாராக இருந்தது. வயல் நடுவில் காலைச் சாப்பாடு. எங்கள் பக்கத்தில் வட்டை என்போம், பார்த்த இடமெல்லாம் ஒரே நெல்லாகக் கிடக்கும் வயல்வெளி. அதன் நடுவே மேசை போட்டு, பாற்சோறும் கட்டச்சம்பலும் கொடுத்தால் கொழும்புக்காரர் விடுவார்களா? நான் சொல்லச் சொல்ல முதலாளி "நல்லது, நல்லது" என்றார். ஸ்பீக்கரில் போட்டிருந்தது என் பிழை.

"மறுகா, மழ வந்தா?" என்றாள் அவள்.

"குட குடுப்பம்."

"மறுகா, நனைஞ்ச வரம்பில வயசாளிகள் எப்பிடித் திரும்பி நடக்கிற?"

முதலாளி அந்தப் பக்கத்தில் சிரித்துவிட்டார். எனக்குக் கோபம் தலைக்கு மேல் ஏறியது. "அப்ப வட்டையும் வேணாம் றோட்டும் வேணாம்! முதலாளிட போட் சும்மாதானே கிடக்கு. எல்லாரையும் அதில ஏத்திக் கடல்ல சுத்துவம்!" என்று கத்தினேன்.

அதற்கு அவள் ஒன்றும் கேட்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதைக் கவனமாகக் குறித்துக்கொள்ளுங்கள். போட் என்ற சொல்லை முதலில் சொன்னவன் நான். கோபத்தில் சொன்னேன் என்பதற்காக அது என்னுடையது இல்லையென்று ஆகிவிடாது.

அந்தப் படகு முன்பு திருகோணமலையில் திமிங்கிலம் பார்க்க ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. இரண்டு தட்டு. முதலாளி ஏதோ ஆசையில் வாங்கி, வாழைச்சேனைத் துறைமுகத்தில் கட்டிப் போட்டிருந்தார். அவர் அதைக் கப்பல் என்பார். அவள் போட் என்றுதான் சொல்வாள். அடுத்த நாள் காலைச் சாப்பாட்டுக்கு வரும்போதே அவளிடம் முழுப் பயணமும் இருந்தது. வாழைச்சேனையிலிருந்து கரையை ஒட்டித் தெற்கே போவது. மட்டக்களப்பு முகத்துவாரத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு, வள்ளங்களில் ஆட்களை வாவிக்குள் கொண்டுபோய்க் காட்டுவது. மறுநாள் செட்டிபாளையத்துக் கரை. திரும்பும் வழியில் வடக்கே வாகரை வரை போய்விட்டு மறுபடி வாழைச்சேனை. ஓர் அறைக்கு ஒரே வீட்டுக்காரர். மற்றவர்கள் தொட்ட கதவைத் தொடவேண்டியதில்லை, மற்றவர்கள் விட்ட மூச்சை வாங்கவேண்டியதில்லை. வீட்டுக்குள் அடைந்து கிடந்து அலுத்துப்போன சனத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

நல்ல யோசனை. நானும் அப்படித்தான் யோசித்திருப்பேன். எனக்கு ஒரு நாள் அவகாசம் கிடைத்திருந்தால்.

அதற்குப் பிறகு அவள் செய்ததை இன்றைக்கும் எங்கள் ஹோட்டலில் சொல்லிச் சிரிப்பார்கள். வெறுமையாகக் கிடந்த கல்யாண மண்டபத்தின் தரையில், சிவப்பு நாடாவை ஒட்டி, படகை அதே அளவில் வரைந்துவிட்டாள். அறைகள், குசினி, மாடிப்படி, கழிப்பறை எல்லாம். கட்டில்களை இழுத்துவந்து உள்ளே போட்டோம். ஒரு பகல் முழுக்க நாங்கள் நாலு பேரும் அதற்குள்ளேயே இருக்கவேண்டும் என்றாள். எவர் எவரோடு முட்டுகிறார், சாப்பாட்டுத் தட்டோடு வருகிறவர் எங்கே ஒதுங்குவார், இரண்டு வீட்டுக்காரர் ஒரே நேரத்தில் வெளியே வந்தால் என்ன நடக்கும் என்று பார்க்கவேண்டுமாம். நான் தண்ணீர் குடிக்க நேராக நடந்தேன்.

"நானா, அது சுவர்! சுவருக்குள்ளால நடக்காதிங்க!"

சமையல்காரரின் மனைவி சிரித்துச் சிரித்துக் கட்டிலில் விழுந்தார். அவருக்கு மாடியறை கிடைத்திருந்தது. எனக்கு இயந்திரத்துக்குப் பக்கத்து அறை.

அந்த நேரம் பார்த்து, ஊரடங்குப் பாஸ் எடுத்துக்கொண்டு கொழும்பிலிருந்து முதலாளி வந்தார். வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். நான் அவசரமாக எழுந்து அவரிடம் போவதற்குள், அவர் குனிந்து செருப்பைக் கழற்றி, சிவப்பு நாடாவுக்கு வெளியே ஓரமாக வைத்துவிட்டு, "எங்கால ஏறுறது பிள்ள?" என்று அவளிடம் கேட்டார். அவருக்குக் கீழே நான் எத்தனையோ வருடம் வேலை செய்திருக்கிறேன். என் பேச்சைக் கேட்டு ஒரு திரைச்சீலையைக்கூட மாற்றாத மனிதர், இல்லாத ஒரு படகில் ஏறுவதற்குச் செருப்பைக் கழற்றினார்.

படகின் பின்பக்கத்தில் ஓர் அறையை அவள் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தாள். தனிக் கதவு, தனிக் கழிப்பறை, இரண்டு பக்கமும் ஜன்னல். காற்று மற்றவர்கள் பக்கம் வராமல் பின்னால் போய்விடும்.

"இது ஆருக்கு?" என்று முதலாளி கேட்டார்.

"காய்ச்சல் வாறவருக்கு."

நான் விடவில்லை. "முதலாளி, இரிக்கிறதிலேயே நல்ல அறை இதுதான். படுத்துக்கிட்டே கடலப் பாக்கலாம். இத முதல்ல கேப்பாங்க. சும்மா பூட்டி வைக்கிறதா?"

"காய்ச்சல் வந்தா மறுகா எங்க வைக்கிற நானா?"

"ஏற முதலே எல்லாரையும் டெஸ்ட் பண்ணித்தானே ஏத்துறம்?"

"ஏறின மறுகா வந்தா?"

முதலாளி அந்த நாடா அறைக்குள் போய், இல்லாத ஜன்னலருகில் நின்று, இல்லாத கடலைப் பார்த்தார். "இது இருக்கட்டும்" என்றார்.  சமையல்காரர் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்.

ஊரடங்கு தளர்ந்ததும் கரையோரத்து ஆட்களோடு பேசவென்று இருவரும் ஹோட்டல் வானில் போனோம். அவளுடைய சொந்த ஊரிலேயே நடந்ததைச் சொல்கிறேன். செட்டிபாளையத்துக் கடற்கரையில் வலையைத் திருத்திக்கொண்டிருந்தவர்கள் எல்லோருக்கும் அவளைத் தெரியும். படகு வரும், ஆட்கள் இறங்குவார்கள், உங்களிடம் மீனும் இளநீரும் வாங்குவார்கள் என்றதும் எல்லோருக்கும் சந்தோஷம். அத்தோடு எழுந்து வந்திருக்கலாம். அவள் எழும்பவில்லை.

"போட்டில ஆருக்கும் காய்ச்சல் எண்டா இஞ்ச இறக்க விடுவிங்களா மாமா?"

 அவளுடைய தாய்மாமன் வலையைக் கீழே வைத்தார். "காய்ச்சல்காரன இஞ்ச இறக்காத புள்ள. எங்களுக்கும் குஞ்சு குருமான் இரிக்கி."

"சரி மாமா" என்றாள். முகத்தில் வருத்தமும் இல்லை.

திரும்பி வரும்போது நான் சொன்னேன். "நீ கேட்டபடியாத்தான் இல்லை எண்டாங்க. கேக்காம இரிந்திரிக்கலாம்."

"கேக்காம இறக்கினா எண்ட மாமாவே கல்லெறிவார் நானா. அத இப்பவே தெரிஞ்சா நல்லம்தானே."

எல்லா ஊரிலும் இதே கேள்வி. எல்லா ஊரிலும் இதே பதில். அதனால் யாருக்காவது காய்ச்சல் என்றால் படகு எங்கேயும் ஒதுங்காமல் நேரே வாழைச்சேனைக்குத் திரும்பும், அங்கே சுகாதாரப் பரிசோதகரும் அம்புலன்சும் நிற்பார்கள் என்று முடிவு செய்தாள். அவர்களோடும் பேசி வைத்தாள். இப்படி ஒவ்வொரு கதவையும் மூடுமுன்பே தட்டிப் பார்த்துவிடுகிற ஒருத்தியோடு வேலை செய்வது எவ்வளவு கஷ்டம் என்று என் மனைவியிடம் சொன்னால், "அந்தப் புள்ள சொல்றது சரிதானே" என்பாள்.

ஆட்களை ஏற்றுவதற்கு முன்னால் ஒரு வெள்ளோட்டம் போவதென்று முடிவானது. முதலாளி குடும்பம், சமையல்காரரும் மனைவியும், படகோட்டும் தண்டயல், அவள், நான். படகுக்குச் சுண்ணாம்பு வெள்ளையில் பெயின்ற் அடித்து, அறைகள் செய்து, பின்னறைக்குக் கதவும் போட்டாயிற்று. கடல் கண்ணாடியாகக் கிடந்த காலம். போவதற்கு முதல்நாள் அவள் என் மேசைக்கு வந்தாள்.

"நானா, நீங்க இந்தத் தரம் வரவேணாம். கரையில நில்லுங்க. கரையிலயும் ஒரு ஆள் வேணும்தானே."

 "என்ன புள்ள, என்னக் கழட்டிவிடப் பாக்கிறியா? போட் எண்டு முதல்ல சொன்னது நான். இப்ப நான் கரையில நிண்டு கையக் காட்டணும், நீ முதலாளியோட போகணும்?"

"அப்பிடி இல்ல நானா."

"மறுகா எப்பிடி?"

அவளுடைய சொல்லாலேயே அவளை அடித்தேன்.  எதையும் பதிலில்லாமல் விடாதவள், வாயைத் திறந்து மூடிக்கொண்டு, தன் மேசைக்குப் போய்விட்டாள். நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போனால் மனைவி சொன்னாள், "அந்தப் புள்ள போன் எடுத்தா. உங்களப் போக விடவேணாம் எண்டா. ஏன் எண்டு கேட்டன். என்னவோ சொல்ல வந்திட்டு வெச்சிட்டா." என் வீட்டுக்குள்ளேயே எனக்கு எதிராக ஆள் சேர்க்கிறாள் என்று எனக்கு ஆத்திரம். அன்றைக்கே உடுப்பு மடித்து வைத்தேன்.

முதல் நாள் பயணத்தைப் பற்றி எல்லோரும் நல்லதாகத்தான் சொன்னார்கள். முகத்துவாரத்தில் வள்ளங்கள் சொன்ன நேரத்துக்கு வந்தன. வாவிக்குள் போன முதலாளியின் பிள்ளைகள் கண்டல் மரங்களுக்குள்ளால் கத்திக்கொண்டு வந்தார்கள். முதலாளியின் மனைவி அவளை நடுவில் நிறுத்திப் படம் எடுத்தார். அந்தப் படத்தின் ஓரத்தில் ஒரு தோள் தெரியும். அது என்னுடையது.

இரண்டாம் நாள் செட்டிபாளையத்துக்கு நேரே கடலில் நிற்கும்போது எனக்கு உடம்பு உளைந்தது. வெயிலென்று நினைத்தேன். கண்ணுக்குப் பின்னால் வலித்தது. மத்தியானம் சமையல்காரர் சுடச்சுடப் பாரைக்கறியை வைத்தபோது வாயில் வைக்க முடியவில்லை. என் தட்டை முதலில் கவனித்தது அவள்தான். எழுந்து வந்து, காய்ச்சல் அளக்கும் அந்தத் துப்பாக்கி மாதிரியான கருவியை என் நெற்றிக்கு நீட்டினாள். பார்த்தாள். பிறகு போய்ப் பின்னறைக் கதவைத் திறந்து வைத்தாள்.

முதலாளி பிள்ளைகளை இழுத்துக்கொண்டு மாடிக்கு ஏறினார். எல்லோரும் விலகி வழிவிட்டார்கள். தண்டயல் படகைத் திருப்பினார். நான் நடந்து போய் அந்த அறைக்குள் படுத்தேன். படுத்துக்கொண்டே கடலைப் பார்க்கலாம். நான் முதலாளிக்குச் சொன்னது சரிதான், படகிலேயே நல்ல அறை அதுதான்.

அந்த வருடம் எங்கள் ஆட்களுக்குக் காய்ச்சல் என்றால் என்னவென்று இங்கே சொல்லவேண்டும். கொரோனாவில் இறந்தவர்களையெல்லாம் எரிக்கவேண்டும் என்று சட்டம் இருந்தது. எங்களுக்கு ஜனாஸாவை எரிப்பது என்பது நினைத்தும் பார்க்க முடியாத காரியம். குளிப்பாட்டி, கபன் துணி சுற்றி, தொழுது, மண்ணில் வைக்கவேண்டும். எங்கள் ஊர்களில் அப்போது பலர் சாவுக்குப் பயப்படவில்லை, அதற்குப் பிறகு வருவதற்குத்தான் பயந்தார்கள். இருமலை ஒளித்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகாமல் வீட்டுக்குள் கிடந்தார்கள். நானும் வீட்டில் இருந்திருந்தால் அப்படித்தான் கிடந்திருப்பேன்.

பின்னேரம், அசர் தொழுகை நேரம் இருக்கும். திறந்த கதவுக்கு வெளியே, கொஞ்சம் தள்ளி, ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அவள் உட்கார்ந்திருந்தாள். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன.

"தங்கச்சி."

"ஓம் நானா. இஞ்சதான் இரிக்கன்."

"வாழச்சேனைக்குப் போனா டெஸ்ட் எடுப்பாங்க."

"ஓம்."

"கொரோனா எண்டா கொண்டுபோவாங்க."

"ஓம்."

"மறுகா?"

 அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு பலகையைப் பார்த்தாள்.

"அதுக்கு என்னட்ட ஒண்டும் இல்ல நானா. எத்தினையோ தரம் யோசிச்சன். மத்த எல்லாத்துக்கும் ஏதோ ஒரு வழி வந்திச்சி. இதுக்கு வரல்ல. அதுதான் உங்கள வரவேணாம் எண்டன்."

"அத நீ சொல்லியிரிக்கலாமே."

"எப்பிடிச் சொல்லுற? நீங்க மவுத்தானா உங்கள எரிப்பாங்க எண்டு உங்கட மொகத்தப் பாத்து எப்பிடி நானா சொல்லுற? ராத்தாக்கும் போன் எடுத்தன். வாயில வரல்ல." என் மனைவியை அவள் ராத்தா என்றுதான் கூப்பிடுவாள். "கரையில எண்டா நீங்க உங்கட வீட்டுக்குப் போயிருவிங்க. ஒளிச்சாலும் அது உங்கட பாடு. போட்டில எண்டா நான்தான் உங்களக் குடுக்கணும். மத்த ஆக்களும் இரிக்காங்க."

"குடுப்பியா?"

"ஓம் நானா."

உடனே சொன்னாள். ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். ஒன்றும் நடக்காது, பயப்படாதிங்க என்று எல்லோரும் சொல்கிற பொய். அவள் சொல்லவில்லை. ஆனால் அந்த வாளியைவிட்டு எழுந்து போகவும் இல்லை. பொழுதுபட்டு மஃரிபு ஆகும்வரை அப்படியே இருந்தாள். நான் படுத்தபடியே தொழுதேன். ஓதி முடித்துத் திரும்பிப் பார்த்தபோது அவள் மறுபக்கம் திரும்பியிருந்தாள்.

அந்தக் காய்ச்சலிலும், அந்தப் பயத்திலும் எனக்கு வந்தது நன்றி அல்ல. என் மவுத்துக்கூட எனக்குச் சொந்தமாக இல்லையே என்றுதான் நினைத்தேன். நான் யோசிப்பதற்கு முன்பே அங்கேயும் அவள் போய், சுற்றிப் பார்த்து, வழியில்லை என்று கண்டு திரும்பி வந்திருந்தாள். நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது அவளுடைய காலடிதான் கிடந்தது.

வாழைச்சேனையில் அவள் சொன்னது போலவே எல்லோரும் நின்றார்கள். என்னை ஏற்றும்போது யாரோ ஒருவரிடம் என் பெயரையும், மனைவியின் தொலைபேசி இலக்கத்தையும், எனக்குச் சீனி வருத்தம் என்கிற நீரிழிவு இருப்பதையும் சொல்லிக்கொண்டிருந்தாள். சீனி வருத்தத்தை நான் அவளிடம் சொன்னதே இல்லை.

பரிசோதனை முடிவு வரும்வரை நான் எப்படிக் கிடந்தேன் என்பதைச் சொல்ல விரும்பவில்லை. வந்தது டெங்கு. வைத்தியர் முகத்தைச் சுளித்துக்கொண்டு, கவனமாக இருக்கவேண்டும், இரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்துகொண்டு போகின்றன என்றார். தொலைபேசியில் நான் டெங்கு என்றதும் என் மனைவி "அல்ஹம்துலில்லாஹ்!" என்று கத்தி அழுதாள். டெங்குவுக்காக இறைவனுக்கு நன்றி சொன்ன வீடு எங்களுடையதாகத்தான் இருக்கும்.

நான் வீடு திரும்பியதும் அவள் பார்க்க வந்தாள். பப்பாசி இலைச் சாறு கொண்டு வந்திருந்தாள். கதவடியில் நின்று, "சுகமா நானா?" என்றாள். "ஓம்" என்றேன். அவ்வளவுதான். நேரே குசினிக்குள் போய்விட்டாள். அங்கிருந்து என் மனைவியின் சிரிப்பும், மகளின் சிரிப்பும், இடையிடையே அவளுடைய மெல்லிய குரலும் கேட்டுக்கொண்டிருந்தன. கட்டிலில் கிடந்து, அந்தக் கைப்புச் சாற்றைக் குடித்துக்கொண்டு, என்ன கதைக்கிறார்கள் என்று காதைக் கூர்மையாக்கிக்கொண்டு கிடந்தேன்.

அதற்குப் பிறகு நோய் மறுபடி கூடியது. எல்லாம் நின்றுபோனது. படகு துறைமுகத்துக்குத் திரும்பியது. எரிக்கிற சட்டம் பல மாதங்கள் கழித்து மாறியது. அவள் மாலைதீவில் ஒரு ஹோட்டலுக்கு வேலை கிடைத்துப் போனாள். அங்கே தீவுக்குத் தீவு ஆட்களை ஏற்றிப் போகிற சின்னக் கப்பல்கள் இருக்கின்றன, அவற்றைப் பார்த்துக்கொள்கிற வேலை.  மேசையைத் துடைத்துவிட்டுப் போனாள்.

இப்போது நான்தான் எல்லாவற்றுக்கும் பொறுப்பு. வெளிநாட்டுக்காரர் திரும்ப வந்துவிட்டார்கள். கடல் அமர்ந்திருக்கும் மாதங்களில் படகு ஓடுகிறது. இறங்கும்போது ஆட்கள், எவ்வளவு அழகாக யோசித்துச் செய்திருக்கிறீர்கள் என்று என் கையைப் பிடித்துச் சொல்கிறார்கள். நான் மறுப்பதில்லை. அவள் போனால் மனம் ஆறிவிடும் என்று நினைத்திருந்தேன். யாரும் கேள்வி கேட்காத அந்த மேசை என் வலது பக்கத்தில் கிடக்கிறது. நான் எதைச் சொன்னாலும் எல்லோரும் தலையாட்டுகிறார்கள்.

போன மாதம் ஏறாவூரிலிருக்கும் என் தூரத்து மச்சான் ஒருவன் தொலைபேசியில் வந்தான். என் வயதுக்காரன். அதே மாலைதீவு ஹோட்டலில் சமையலுக்குச் சேர்ந்திருக்கிறான். அவளைப் பற்றி என்னிடம் முறையிடுவதற்காகவே எடுத்திருந்தான்.

"மச்சான், இந்தப் புள்ளையோட நீ எப்பிடி வேல செஞ்ச? நீந்தத் தெரியாதவன் ஆரும் போட்டில கால் வைக்க ஏலாதாம். கறி காச்சிறவனுக்கு என்னத்துக்கு நீச்சல்? எங்கள எல்லாரையும் தண்ணிக்க இறக்கிட்டா. இந்த வயசில நான் சின்னப் புள்ளயள்ர காத்தடிச்ச ரியூபப் போட்டுக்கிட்டு நிக்கன். அவவும் கழுத்தளவு தண்ணில நிண்டுக்கிட்டு, 'கால அடிங்க நானா, கால அடிங்க' எண்டு கத்துறா. வேலையெல்லாம் முடிஞ்ச மறுகா, ஒவ்வொரு நாளும்!"

"பழகிட்டியா?" என்று கேட்டேன்.

"பழகாம விட்டாத்தானே? இப்ப ரியூப் இல்லாமப் போவன். அந்தா தெரியுற மிதவை வரைக்கும் போய்த் திரும்பி வருவன்." முறைப்பாடு சொல்ல வந்தவனின் குரலில் பெருமை ஏறிவிட்டது. அவனுக்கே தெரியவில்லை.

"கஷ்டம்தான் மச்சான்" என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன்.

பிறந்ததிலிருந்து இந்தக் கடலின் பக்கத்தில்தான் இருக்கிறேன். எனக்கு நீந்தத் தெரியாது. பாசிக்குடாவில் எவ்வளவு தூரம் நடந்தாலும் இடுப்பளவுதான் தண்ணீர் என்பதால் அது யாருக்கும் தெரியவந்ததில்லை. ஊரடங்கு மாதங்களில் அந்தக் கடற்கரையில் நாங்கள் நாலு பேர் மட்டும்தான் இருந்தோம். என்னிடம் அவள் அதைக் கேட்கவில்லை.

அவன் இந்நேரம் வேலை முடிந்து தண்ணீருக்குள் இறங்கியிருப்பான். அவள் கழுத்தளவு நீரில் நின்று அவனைப் பார்த்துக் கத்திக்கொண்டிருப்பாள். அவனுக்கு நீந்தத் தெரிந்துவிட்டது என்பதை என்னால் பொறுத்துக்கொள்ளவே முடியவில்லை.